முதல் வாரம் யாருடையது?

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவரை வரவேற்பது யாருடைய வேலை? கட்டணத்தை வாங்கிக்கொண்டு ரசீதைக் கொடுத்ததோடு கல்லூரியின் பொறுப்பு முடிந்தது, மீதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் நம்மிடம் நெடுங்காலம் இருந்தது; பல இடங்களில் இன்றும் இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கிறோம். முதல் சில வாரங்களைக் கல்லூரி தன் கையில் எடுத்துக்கொள்ளாதபோதெல்லாம் அவை மூத்த மாணவர்களின் அதிகாரத்துக்குப் போயிருக்கின்றன. சட்டம் அந்த அதிகாரத்தைத் தண்டிக்கும். ஆனால் அந்த அதிகாரம் காலிசெய்த இடத்தைச் சட்டம் நிரப்பாது. 2020-இல் வகுப்புகள் கைப்பேசித் திரைக்குள் போனபோது இந்தக் கேள்வி புது உருவில் திரும்பி வந்தது. வளாகமே இல்லாத அந்த ஆண்டு, வரவேற்பு என்பதில் எது அவசியம், எது வெறும் பழக்கம் என்பதைப் பிரித்துக் காட்டிவிட்டது.

பழக்கம் மிகப் பழையது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் புதிதாக வந்தவன் இன்னும் மனிதனாகாத மிருகம் என்று கருதப்பட்டான். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் நடந்த சடங்கில் அவன் தலையில் கொம்பு வைத்த தொப்பியை மாட்டுவார்கள். வாயில் பன்றிப் பற்களைத் திணிப்பார்கள். பிறகு பெரிய மரக் கருவிகளால் கொம்பை அறுத்து, பல்லைப் பிடுங்கி, உடம்பை இழைப்புளியால் சீவுவதுபோல் நடிப்பார்கள். கடைசியில் நாக்கில் உப்பு, தலையில் மது. விருந்துச் செலவு பெரும்பாலும் வந்தவன் தலையில்தான். 1480-களில் ஹைடல்பெர்கில் அச்சான மாணவர் கையேடு ஒன்றில் இந்தச் சடங்கு உரையாடலாகவே எழுதப்பட்டிருக்கிறது. நிர்வாகம் இதை ஒழிக்கவில்லை, தன்வசப்படுத்திக்கொண்டது. சடங்கை நடத்த ஒரு பதவி, அதற்கு ஒரு கட்டணம், முடித்தவனுக்குத்தான் பதிவு என்று அது அலுவல் விதியாகவே மாறியது. விட்டன்பெர்கில் மார்ட்டின் லூதரே இத்தகைய சடங்கில் புதியவர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். ஆனால் சடங்கு முடிந்த பிறகு வந்த மாதங்களை யாரும் கவனிக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் மூத்தவர்கள் புதியவர்களை ஓராண்டு வரை ஏவலாட்களாக வைத்து, நல்ல துணியைப் பறித்து, கந்தலைக் கொடுத்து அடித்த கொடுமை அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. அதை அடக்க 1660-களில் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி ஆணை போட வேண்டிவந்தது. ஒரு நாள் சடங்கைக் கல்லூரி நடத்திவிட்டு மீதி ஆண்டைக் கைகழுவினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை.

நம் ஊரில் விடுதி வாழ்க்கை பரவியதோடு சேர்ந்தே, ராகிங் என்ற பெயரில், இந்தப் பழக்கமும் பரவியது. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே உருவானது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குப் போனபோது விடுதிகளையே கல்லூரி வாழ்க்கையின் நடுவில் வைத்தது. தொழிற்கல்வி வளர வளர, வீட்டை விட்டு நானூறு மைல் தள்ளி வந்து சேரும் பதினேழு வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியது. அவர்களுக்கு மெஸ் எங்கே, எந்தப் பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது, இன்டர்னல் மார்க் என்றால் என்ன என்று சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த ஆள் சீனியர்தான். சொல்லித்தருகிற கைதான் அடிக்கவும் செய்தது. ராகிங் இவ்வளவு காலம் உயிர்பிழைத்ததற்குக் காரணம் கொடூரம் மட்டும் இல்லை. அதற்குள் உண்மையான ஓர் உதவி ஒளிந்திருந்தது. பழைய கேள்வித்தாள், நோட்டு, தேர்வு நுணுக்கம் எல்லாமே அந்த வாசல் வழியாகத்தான் வந்தன. கல்லூரி வேறு வாசல் எதையும் திறக்கவில்லை.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவர் சென்னைப் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன். கடலூர் நீதிமன்றம் 1998-இல் ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் 2001-இல் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2011-இல் தண்டனையை மீண்டும் நிலைநிறுத்தியது. கொலை நடந்த சில வாரங்களுக்குள் அவசரச் சட்டமும் 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமும் வந்தன. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். ஒரு மாணவர் தானாக விரும்பிச் செய்யாத எதையும் அவரைச் செய்யச் சொல்வதே குற்றம் என்று அந்தச் சட்டம் விரிவாக வரையறுத்தது. புகார் வந்தும் சும்மா இருந்த கல்லூரித் தலைவரை உடந்தையாகக் கருதியது. இது பெரிய மாற்றம். அதுவரை 'பசங்க விளையாட்டு' என்று கடந்துபோன ஒன்று போலீஸ் வழக்காகியது. துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே காப்பு இல்லை என்ற அதிர்ச்சியும் அந்த வேகத்துக்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதற்கு முன் எத்தனை எளிய வீட்டுப் பிள்ளைகள் வாய் திறக்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள் என்பதற்கு எங்கும் பதிவு கிடையாது.

சட்டம் மட்டும் போதவில்லை. 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்களைத் தந்தது. 2006-இல் சி.பி.ஐ. முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் குழு அமைந்து, 2007-இல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் தாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரு என்ற முதலாண்டு மாணவர் அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டு ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகளைப் பலரும் தண்டனைப் பட்டியலாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் பத்திரம், இருபத்து நான்கு மணி நேர உதவி எண், பறக்கும் படை ஆகியவைதான் பேசப்படுகின்றன. ஆனால் அதே விதிமுறைக்குள் யாரும் அதிகம் படிக்காத இன்னொரு பாதி இருக்கிறது. ஆறு புதுமுக மாணவர்களுக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆறு வழிகாட்டிகளுக்கு மேலே இன்னொருவர். மூத்தவர்களும் புதியவர்களும் ஆசிரியர்கள் முன்னிலையில் கலை நிகழ்ச்சி, விளையாட்டு என்று கலந்து பழக வேண்டும். அதாவது ஃப்ரெஷர்ஸ் டே கொண்டாட்டம் தயவில் நடக்கிற பொழுதுபோக்கு இல்லை, விதியின் ஒரு பகுதி. இந்தப் பாதியை எழுதியவர்களுக்குக் கொடுமைக்கு மாற்று வெறுமை இல்லை என்பது தெரிந்திருக்கிறது. உறுதிமொழிப் பத்திரத்தை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு வழிகாட்டிகளைப் பெயரளவில் நியமிக்கிற கல்லூரி, விதியின் சுலபமான பாதியை மட்டும் செய்கிறது.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அது இலங்கையில்தான் மிகக் கூர்மையாகச் சொல்லப்படுகிறது. அங்கே பகிடிவதை எனப்படும் ராகிங் எல்லாரையும் சமமாக்குகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளையும் கூலி வீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி உடுத்தி, ஒரே ஏச்சை வாங்கி, ஒரே அணியாகிறார்கள் என்பது அந்த வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வர்க்கமும் சாதியும் மொழியும் பிரிக்கிற சமூகத்தில் ஒரே நிலையில் நிற்கிற அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சமத்துவத்துக்கு மேலே அதை நடத்துகிற ஒருவர் நிற்கிறார். அவர் சமமானவர் இல்லை. 1975-இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி பகிடிவதைக்குத் தப்ப இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்து, முடமாகி வாழ்ந்து, 2002-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997-இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ், கடும் உடற்பயிற்சிகளைச் செய்யவைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டே இலங்கை தன் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சமத்துவத்தின் பெயரால் நடந்தது யார் உடம்பில் முடிந்தது என்று பார்த்தால் வாதம் தானே விழுந்துவிடுகிறது. சமத்துவம் வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி உண்டு: எல்லாருக்கும் ஒரே தகவலை, ஒரே நாளில், கேட்காமலே கொடுப்பது.

தமிழ்நாட்டில் இதன் அவசரம் இன்னும் அதிகம். 2010-11-இல் தொழிற்கல்வியில் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகையை அரசு அறிவித்தபோது, குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசல் மிதிக்காத ஒரு பெரும் கூட்டம் வகுப்பறைக்குள் வந்தது. வீட்டில் அண்ணனோ மாமாவோ படித்திருந்தால் அரியர் என்றால் என்ன, வருகைப் பதிவு குறைந்தால் என்ன ஆகும், போனஃபைட் சான்றிதழை யாரிடம் கேட்பது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சில் தெரிந்துவிடும். முதல் பட்டதாரிக்கு அந்தப் பேச்சு இல்லை. அவருக்கு வரவேற்பு என்பது பூங்கொத்து இல்லை. எழுதப்படாத விதிகளை யாராவது வாய்விட்டுச் சொல்வது. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு 2017 வாக்கில் மூன்று வார அறிமுகத் திட்டத்தைப் பொறியியல் கல்லூரிகளுக்கு வகுத்ததை இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். உடற்பயிற்சி, கலை, சுற்றுவட்டாரத்தைப் பார்த்தல், மனித விழுமியங்கள் குறித்த கலந்துரையாடல், துறை அறிமுகம் என்று அது விரிந்தது. 2011 முதல் ஐ.ஐ.டி. காந்திநகர் ஐந்து வாரம் பாடமே எடுக்காமல் இதைச் செய்துவந்தது. 2019-இல் தீக்ஷாரம்ப் என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் இது பரிந்துரைக்கப்பட்டது. பல இடங்களில் இது காலை முதல் மாலை வரை மேடைப் பேச்சாகச் சுருங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. குளிரூட்டிய அரங்கில் ஐந்நூறு பேரை உட்காரவைத்து வெற்றியின் ரகசியங்களைச் சொல்வதால் ஒரு பிள்ளைக்குக்கூடப் பக்கத்தில் இருப்பவர் பெயர் தெரியப்போவதில்லை. ஆனால் அது திட்டத்தை நடத்திய விதத்தின் குறை. ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கைக் கைவிட்டு ஐந்நூறு பேருக்கு ஒருவர் என்று மாற்றியதன் விளைவு.

அப்புறம்தான் 2020 வந்தது. பெருந்தொற்றால் மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன. சேர்க்கை தள்ளிப்போய், முதலாண்டு வகுப்புகள் ஆண்டின் கடைசி மாதங்களில் திரையில் தொடங்கின. அந்தத் திரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான கட்டங்களில் முகம் இல்லை. வண்ண வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்து மட்டும். சிலர் அப்பாவின் கைப்பேசியில் சேர்ந்ததால் அப்பா பெயரே வகுப்பில் இருந்தது. வருகைப் பதிவு நேரத்தில் அரட்டைப் பெட்டியில் பதிவு எண்கள் மளமளவென்று ஓடும். எந்த எண் எந்த முகம் என்று யாருக்கும் தெரியாது. வரவேற்பு விழா என்று ஒன்று நடந்தால் முதல்வர் பேசுவார், குத்துவிளக்குப் படம் ஒன்று திரையில் வரும், ஒருவர் பாடும்போது குரல் விட்டுவிட்டு வரும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஏறத்தாழ 9.69 லட்சம் மாணவர்களுக்குத் தினம் இரண்டு ஜி.பி. டேட்டாவை இலவசமாகத் தருவதாகத் தமிழக அரசு அறிவித்ததே, இணைப்பு எத்தனை பேருக்கு எட்டாக்கனியாக இருந்தது என்பதைச் சொல்லும்.

அந்த ஆண்டில் ஒரு நன்மையாவது நடந்தது, விடுதி மூடியிருந்ததால் புதியவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள் என்று சொல்வார்கள். பாதி உண்மை. அடி விழவில்லை. ஆனால் ராகிங்குக்குச் சுவர் தேவை இல்லை என்பது ஊரடங்குக்கு முன்பே தெரிந்துவிட்டது. 2020 பெப்ரவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் புதுமுக மாணவிகளை மூத்த மாணவர்கள் தொலைபேசி வழியாகவே பாலியல் ரீதியில் துன்புறுத்தியதாகச் செய்திகள் வந்து பெரும் கொதிப்பை உண்டாக்கின. அதிகாரம் எண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். எண்ணோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே கிடைக்கும். மறுபக்கம், துன்பமே இல்லாத பிள்ளையும் வரவேற்கப்பட்டவர் ஆகிவிடவில்லை. அரையாண்டு முடிந்த பிறகும் தன் வகுப்பில் ஒரு நண்பர்கூட இல்லாதவர் பாதுகாப்பாக இருந்தார் என்பதைக் கல்லூரி தன் சாதனையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ராகிங் ஒழிந்தால் வரவேற்பு தானாக வந்துவிடும் என்று 1997 முதல் நாம் பாதி மனதோடு நம்பிவந்தோம். ராகிங்குக்கு இடமே இல்லாதிருந்த வகுப்புகளிலும் வரவேற்பு வரவில்லை.

திரையால் நல்லதே நடக்கவில்லை என்று சொல்வது நேர்மை ஆகாது. அறிமுகக் கூட்டத்தில் ஊரிலிருந்தபடியே பெற்றோரும் உட்கார முடிந்தது. கூலி வேலைக்குப் போகிற அம்மா ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் இழக்காமல் பேராசிரியர் முகத்தைப் பார்க்க முடிந்தது. பதிவுசெய்த விளக்கத்தைப் புரியும்வரை திரும்பக் கேட்க முடிந்தது. டே ஸ்காலர் மாணவர்களுக்கு, குறிப்பாக மாலை நேரக் கொண்டாட்டங்களுக்கு வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்களுக்கு, விடுதிக்காரர்களுக்குக் கிடைத்த அதே தகவல் அதே நேரத்தில் கிடைத்தது. இவை பெருந்தொற்றோடு போக வேண்டியவை இல்லை. தகவலைச் சொல்வதற்குத் திரை போதும், பல வேளை நேரில் சொல்வதைவிட நல்லது. பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் கிடைப்பதற்குத்தான் அது போதாது. கல்லூரிகள் 2020-இல் செய்த தவறு திரையைப் பயன்படுத்தியது அல்ல. மேடையை அப்படியே திரைக்கு மாற்றியது. ஆறு பேரைக் கொண்ட சிறு அழைப்புகளை ஒரு சீனியரின் பொறுப்பில் வாரம் இருமுறை நடத்தியிருக்கலாம். அதற்குத் தேவையான விதி பதினோரு ஆண்டுகளாகக் கையில் இருந்தது.

2021 செப்டம்பரில் கல்லூரிகள் மறுபடி திறந்தபோது, அந்தத் திரை வகுப்பு இரண்டாம் ஆண்டுக்கு வந்திருந்தது. வளாகத்தில் நூலகம் எங்கே என்று தெரியாதவர்கள் அடுத்து வரும் வகுப்புக்கு சீனியர்கள் ஆனார்கள். தங்களுக்குக் கிடைக்காததை அவர்கள் எப்படிக் கொடுப்பார்கள் என்ற கேள்வியை அப்போது போதுமான அளவு யாரும் கேட்கவில்லை. இப்போதும் அது கேட்கத்தக்க கேள்விதான், ஏனெனில் ஒவ்வோர் ஆண்டும் முதல் பட்டதாரிகளின் புதிய வகுப்பு ஒன்று அதே நிலையில் நிற்கிறது. கணக்கு ஒன்றும் கடினமில்லை. அறுபது பேர் கொண்ட வகுப்புக்குப் பத்து மூத்த மாணவர்கள் வேண்டும், அவர்களைக் கவனிக்க இன்னும் இருவர். அந்தப் பன்னிரண்டு பேரைக் கோடை விடுமுறைக்கு முன்பே தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, செய்கிற வேலைக்கு மதிப்பெண்ணோ ஊதியமோ தந்து, அவர்கள் மேல் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக வைத்து, அந்தப் பெயர்ப் பட்டியலைச் சேர்க்கைக் கடிதத்தோடு புதிய மாணவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.