இரண்டு கையெழுத்து போதும்

2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயல் அண்ணாகிராமம், பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. பிறகு உலக வங்கிக் கடனில் கடலூர் நகரத்து மின்கம்பிகளைப் புதைவடமாக்கும் வேலை வந்தது. இப்படிக் கடனில் வரும் வேலையால் ஒருவருக்கு நிலமோ தொழிலோ போனால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் வாஷிங்டனில் உள்ள உலக வங்கிக்கும் கொடுக்கலாம். இது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த வாஷிங்டன் மனு ஜன்னல் திறந்தது நர்மதைக்காரர்களால். நர்மதை மீதான சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985இல் 45 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. மூழ்கப்போகும் ஆதிவாசிக் கிராமங்களுக்கு மாற்று நிலம் எங்கே என்பதற்கு மட்டும் பதில் இல்லை. 1989இல் அவர்களுக்காகப் போராடிய மேதா பட்கர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சாட்சி சொன்னார். 1991 தொடக்கத்தில் பெர்குவாவில் உண்ணாவிரதம் 22 நாள் நீண்டது. வங்கி வேறு வழியின்றி பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் தனி ஆய்வு வைத்தது. 1992 ஜூனில் வந்த அறிக்கை, வங்கி தன் சொந்த விதிகளையே மீறியது என்றது. திட்டத்திலிருந்து பின்வாங்கச் சொன்னது. 1993 மார்ச்சில் மிச்சக் கடனே வேண்டாம் என்றது இந்தியா.

வங்கி மனம் மாறியதால் பிறந்ததல்ல அடுத்தது. உலக வங்கிக்கே பணம் போடும் நாடுகளில் பெரியது அமெரிக்கா. விசாரணைக்கு வழி வைக்காவிட்டால் பணம் வராது என்று பார்னி ஃபிராங்க் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு கையை இறுக்கியது. 1993 செப்டம்பரில், பாதிக்கப்பட்டவர்களின் மனுக்களை விசாரிக்க மூன்று பேர் கொண்ட ஆய்வுக்குழு பிறந்தது.

முதல் மனு நேபாளத்தின் அருண் அணை பற்றியது. 1995இல் வங்கி விலகியது. 1997இல் சிங்க்ரௌலி மின்நிலையத்தால் இடம்பெயர்ந்தவர்கள் மனு போட்டார்கள். விசாரணையை வாஷிங்டனோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது வங்கியின் நிர்வாகச் சபை. அந்த அளவிலேயே விதிமீறல் தெரிந்தது. ஆனால் குழுவால் வங்கியைக் குறை சொல்ல முடியும், நஷ்டஈடு வாங்கித் தர முடியாது.

வங்கிக் குழுமத்தின் தனியார் கடன் பிரிவான ஐ.எஃப்.சி.க்குத் தனிக் குறைதீர்ப்பாளர் உண்டு. குஜராத் முந்த்ராவின் டாடா அனல்மின் நிலையத்துக்கு ஐ.எஃப்.சி. கொடுத்ததும் 45 கோடி டாலர்தான். அங்குள்ள மீனவர்கள் 2011இல் அவரிடம் புகார் செய்தார்கள், ஐ.எஃப்.சி. சரியாக விசாரிக்காமல் கடன் கொடுத்தது என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் நகராததால் மீனவர்கள் அமெரிக்க நீதிமன்றம் போனார்கள். ஐ.எஃப்.சி. போன்ற நிறுவனங்களுக்கு வழக்கிலிருந்து முழு விலக்கு கிடையாது என்று 2019இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே கீழ் நீதிமன்றம், பாதிப்பு நடந்தது இந்தியாவில் என்று வழக்கைத் தள்ளியது. 2021இல் மேல்முறையீட்டிலும் அதுவே தீர்ப்பு.