வளையம் வளையமாக ஒரு கவசம்

ராஜா ராணி காலத்து ஆங்கிலப் படங்களில் வீரர்கள் போட்டிருக்கும் வெள்ளி நிற வலைச்சட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் செயின்மெயில். தமிழில் சங்கிலிக் கவசம் எனலாம்.

பல படங்களில் அது உலோகமே கிடையாது! 1975-ல் வந்த 'மான்ட்டி பைதான் அண்ட் தி ஹோலி கிரெயில்' படத்தில் நடிகர்கள் போட்டிருந்தது கம்பளி நூலில் பின்னி வெள்ளிச் சாயம் அடித்த சட்டை. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்காக (2001-2003) நியூசிலாந்தின் வீட்டா ஒர்க்‌ஷாப், பிளாஸ்டிக் குழாயை நறுக்கி வளையங்கள் செய்தது. அவற்றைக் கையால் கோத்தவர்களின் விரல் ரேகையே தேய்ந்துபோனது என்று சொல்வார்கள்.

பிளாஸ்டிக்குக்கே இந்தப் பாடு என்றால், இரும்பில் செய்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்?

கிடைத்துள்ள சான்றுகளின்படி இதை முதலில் செய்தவர்கள் ஐரோப்பாவின் கெல்ட் இன மக்கள். காலம் சுமார் கி.மு. 3-ம் நூற்றாண்டு. அவர்களோடு போரிட்ட ரோமானியர்கள் இதைக் கற்றுக்கொண்டு தங்கள் படைக்கும் செய்தார்கள். 14-ம் நூற்றாண்டில் தகட்டுக் கவசம் பரவும்வரை ஐரோப்பாவின் முக்கியமான கவசம் இதுதான்.

செய்முறை கேட்க எளிது. இரும்புக் கம்பியை ஒரு கோலில் சுருட்டி, சுருளை வெட்டினால் வளையங்கள் கிடைக்கும். ஒவ்வொரு வளையத்தையும் பக்கத்திலுள்ள நான்கு வளையங்களோடு கோக்க வேண்டும். ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தட்டித் தட்டையாக்கி, துளையிட்டு, குட்டி ஆணி ஒன்றை அறைந்து மூட வேண்டும். ஒரு சட்டைக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வளையங்கள். எடை ஏறக்குறைய 10 கிலோ. ரோமானியர்கள் ஒரு வரிசைக்குத் தகட்டிலிருந்து வெட்டிய முழு வளையம், அடுத்த வரிசைக்கு ஆணி வளையம் என்று மாற்றி மாற்றி வைத்து ஆணி வேலையைப் பாதியாகக் குறைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான்!

1966-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், மத்தியகால வாழ்க்கையை வேஷம் கட்டி நடத்திப் பார்க்கும் ஒரு சங்கம் தொடங்கியது. இதுபோன்ற குழுக்களால் சாதாரண ஆட்களும் வீட்டில் உட்கார்ந்து கவசம் செய்ய ஆரம்பித்தார்கள். இவர்கள் ஆணி அறைவதை விட்டுவிட்டார்கள். முனையோடு முனை முட்டும்படி வளைத்து மூடினால் போதும் என்பது இவர்கள் முறை. 1.6 மி.மீ. ஜி.ஐ. கம்பி, 8 மி.மீ. கோல், இரண்டு குறடு இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, வளையத்தை இருபுறமும் இழுத்துத் திறப்பது. அப்படிச் செய்தால் வட்டம் கெட்டுவிடும், மறுபடி சரியாக மூடாது. ஒரு முனையை முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் திருப்பித்தான் திறக்க வேண்டும். இன்னொன்று முக்கியம். ஜி.ஐ. கம்பியை நெருப்பில் காட்டவே கூடாது. அதன் மேலுள்ள துத்தநாகம் புகைந்தால் காய்ச்சலில் படுக்க நேரிடும்.

மேடைக்கும் மாறுவேடப் போட்டிக்கும் இந்தக் கவசம் தாராளமாகப் போதும். ஆனால் கூர்மையான ஈட்டி பலமாகக் குத்தினால் முட்டி மூடிய வளையம் வாயைப் பிளந்துவிடும். ஆணி அடித்த வளையம் அவ்வளவு சுலபத்தில் திறக்காது. அந்தக் குட்டி ஆணி, போட்டிருந்தவனின் உயிர்.

அந்த ஆணிகளை அறைந்த தொழிலாளிகளில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சட்டையைப் போட்டுப் போரில் ஜெயித்தவர்களின் பெயர்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உள்ளங்கை அகலத்துக்கு வளையம் கோத்துப் பார்ப்பவருக்கு, விட்டுப்போன அந்தப் பெயர்களின் அருமை தெரியும்.