பந்தி ஒழுக்கமும் குழவியும்

பலர் கூடியுண்ணும்போது கொள்ளத்தக்க ஒழுக்கங்களைப் பெருவாயின் முள்ளியார் ஆசாரக்கோவையுள் தொகுத்துரைக்கின்றார். இந்நூல் வடநூல்வழிப்பட்டது எனப் பாயிரத்தைக் காட்டி அறிஞர் கூறுவர். அதுகொண்டு இதன் விதிகள் தமிழர் வாழ்வுக்கு அயலானவை என ஒதுக்குதல் பொருந்துமா? ‘பந்தி’ என்னும் சொல்லும் வடசொற்றிரிபே. கூடியுண்ணும் வழக்கை அதனால் அயலதென்பார் இலர்.

பெரியோர் உடனிருப்பின் அவர்க்குமுன் உண்ணலாகாது. முன்னெழலும் நெருங்கியிருத்தலும் ஆகா. உண்பார் பேசாது, பிறிதொன்றை நோக்காது, சிந்தாது உண்ணல் வேண்டும். இனிப்பு முதலிலும் கைப்பு இறுதியிலும் உண்ணப்படும். இவை கடுமையான கட்டுப்பாடுகளே. ஆயின் 21ஆம் செய்யுளோ, விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளை ஆகியோர்க்கு ஊணளித்த பின்னரே ஒழுக்கமுடையார் உண்பர் என்கின்றது. ஈண்டுப் பிள்ளை மூத்தோரோடு ஒருங்கு எண்ணப்பட்டமை கருதத்தக்கது.

பாண்டியன் அறிவுடை நம்பியின் புறப்பாட்டை (188) இதனோடு வைத்து நோக்குவோம். பலரோடு உண்ணும் பெருஞ்செல்வர் கலத்துள் குழவி கையிட்டுத் துழாவுகின்றது. நெய்ச்சோற்றை மெய்யெங்கும் சிதறிக்கொள்கின்றது. இத்தகைய மக்களைப் பெறாதார் வாழ்நாள் பயனற்றது என்கின்றான் மன்னன். சிந்தாது உண்க என்னும் விதி வளர்ந்தார்க்கே உரியது என்பது எம் துணிபு. பிள்ளைக்கு முதலில் ஊட்டுக என்ற முள்ளியாரும் இவ்விடத்து மன்னனோடு மாறுபட்டிலர்.