ரூஸ்வெல்ற் விட்டுச்சென்ற சட்டமும் பின்வந்த ஜனாதிபதிகளும்

அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி ஒருவர் பதவியேற்றதும், முதல் நூறு நாட்களில் அவர் எதைச் சாதித்தார் என்று கணக்குப் பார்ப்பது பத்திரிகையுலகின் வழக்கமாகிவிட்டது. அத்தகைய கட்டுரைகளை நானும் பல தடவை எழுதியிருக்கிறேன். இந்த அளவுகோலுக்குக் காரணகர்த்தா 1933 மார்ச் 4 இல் பதவியேற்ற பிராங்ளின் ரூஸ்வெல்ற். தொழிலாளரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையிழந்து, வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், காங்கிரஸின் விசேட கூட்டத்தொடரைக் கூட்டி 15 முக்கிய சட்டங்களை அவர் நிறைவேற்றுவித்தார். தமது பணிகள் முதல் நூறு நாட்களில் முடிந்துவிடப் போவதில்லை என்று 1961 இல் பதவியேற்புரையிலேயே ஜோன் கென்னடி சொல்லிவைக்க நேர்ந்ததென்றால், அந்த ஒப்பீட்டின் சுமை எத்தகையது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால், நூறு நாட்கள் என்பது வெறும் அளவுகோல்தான். பின்வந்தோரின் கைகளை உண்மையில் கட்டிப்போட்டது 1935 ஆகஸ்ட் 14 இல் ரூஸ்வெல்ற் கையொப்பமிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டமே என்பது எனது கருத்து. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு, தொழில் வழங்குநரிடமிருந்து அதற்குச் சமமான பங்கு என்று அறவிட்டு, 65 வயதில் ஓய்வூதியம் வழங்குவதே அதன் பிரதான ஏற்பாடு. பொருளாதார மந்த காலத்தில் தொழிலாளரிடமே பணம் பிடிப்பது பிழையான பொருளாதாரம் என்று விமர்சிக்கப்பட்டது. அது பொருளாதாரமல்ல, அரசியல் என்பதே ரூஸ்வெல்ற்றின் விளக்கம். தனது பணத்தைச் செலுத்தியவனுக்கு ஓய்வூதியம் உரிமையாகிவிடும். பிறகு எந்த அரசியல்வாதியாலும் அதை இல்லாதொழிக்க முடியாது என்று அவர் கணக்கிட்டார்.

அந்தக் கணக்குக்கு முதற் சோதனை 1953 இல் வந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டுவைற் ஐசனோவர் வெள்ளை மாளிகைக்கு வந்தபோது, ரூஸ்வெல்ற்றின் திட்டங்கள் கலைக்கப்படும் என்று அக்கட்சியின் பழமைவாதிகள் எதிர்பார்த்தார்கள். அவரோ 1954 இல் மேலும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு ஓய்வூதியத் திட்டத்தை விரிவுபடுத்தினார். சமூகப் பாதுகாப்பை ஒழிக்க முனையும் கட்சி அமெரிக்க அரசியலில் இருந்தே காணாமற்போய்விடும் என்று அதே ஆண்டு தமது சகோதரர் எட்கருக்குக் கடிதமும் எழுதினார்.

ரூஸ்வெல்ற் முடிக்காமல் விட்டதும் பின்வந்தோரைத் துரத்தியது. மசோதாவே தோற்றுவிடும் என்ற அச்சத்தில் மருத்துவக் காப்புறுதியை 1935 இல் அவர் தவிர்த்துவிட்டார். அதற்காக 1945 இல் ஹரி ட்ரூமன் முன்வைத்த யோசனை தோல்வி கண்டது. ரூஸ்வெல்ற்றின் இளைஞர் நிவாரண நிர்வாகத்தில் டெக்சாஸ் மாநிலப் பணிப்பாளராக அரசியலில் வளர்ந்த லின்டன் ஜோன்சன், முதியோருக்கான மருத்துவக் காப்புறுதியான மெடிகெயர் சட்டத்தை 1965 ஜூலை 30 இல் ட்ரூமனின் ஊருக்கே சென்று, அவரை அருகில் வைத்துக்கொண்டு கையொப்பமிட்டார்.

எனக்கு மிகவும் சுவாரஸ்யமானவர் ரொனால்ட் றேகன். ரூஸ்வெல்ற்றுக்கு நான்கு தடவையும் வாக்களித்தவர். தந்தையார் ரூஸ்வெல்ற் கால நிவாரணத் திட்டத்தில் வேலைபார்த்தவர். அப்படிப்பட்டவர் 1964 இல், இத்திட்டத்தை ஓரளவுக்காவது விரும்பிச் சேருவதாக மாற்றலாகாதா என்று மேடையில் கேட்டார். ஆயினும் 1983 இல் அதன் நிதி வற்றிப்போகும் நிலை வந்தபோது, ஓய்வு வயதைப் படிப்படியாக 67 ஆக உயர்த்தும் திருத்தத்தில் கையொப்பமிட்டு அதைக் காப்பாற்றியவரும் அவரே. 2005 இல் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் அதன் ஒரு பகுதியைத் தனியார் முதலீட்டுக் கணக்குகளாக்க முயன்றார். காங்கிரஸின் இரு சபைகளும் தமது கட்சியின் வசமிருந்தும் அவரால் அது முடியவில்லை.

இதே சட்டத்தின் இன்னொரு பகுதிக்கு நேர்ந்த கதியையும் நாம் மறந்துவிடலாகாது. ஆதரவிழந்த பிள்ளைகளுக்கான உதவித் திட்டமும் 1935 இல் பிறந்ததுதான். பொது வரிப்பணத்தில் இயங்கிய அதன் பயனாளிகள் ஏழைகள் மட்டுமே. அவர்கள் பங்களிப்புச் செலுத்தியவர்களுமல்லர். அரசியல் பலம் உள்ளவர்களுமல்லர். 1996 இல் அதை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டத்தில் கையொப்பமிட்டவர் ரூஸ்வெல்ற்றின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பில் கிளின்டன்.

ரூஸ்வெல்ற் விட்டுச்சென்றவை எல்லாம் பெருமைக்குரியவையுமல்ல. விவசாயத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் ஆரம்பத்தில் ஓய்வூதியத்துக்குப் புறம்பாக வைக்கப்பட்டதால், கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பான்மையோர் பயனடையவில்லை. 1950 இல் ட்ரூமன் காலத் திருத்தமே அவர்களில் ஒரு பகுதியினரை உள்வாங்கியது. 1942 இல் ரூஸ்வெல்ற் பிறப்பித்த உத்தரவினால் ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அதற்கு மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டொலர் நட்டஈடு வழங்கும் சட்டத்தில் 1988 இல் கையொப்பமிட்டவரும் றேகனே. முன்னவரின் நற்பெயரை மட்டுமன்றி, கடனையும் சேர்த்தே பின்னவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

நான்கு தடவை தெரிவானதன் எதிரொலியாக, ஒருவர் இரு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரிவாகக்கூடாது என்ற 22 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1951 இல் நடைமுறைக்கு வந்தது. பின்வந்தோரில் எவரும் ரூஸ்வெல்ற்றைப் போல நீண்டகாலம் ஆளமுடியாது என்பதும் அவரால் வந்த வினையே.

1945 ஏப்ரல் 12 இல் அவர் மறைந்த பின்னர், அவரைப் போற்றியவர்களும் எதிர்த்தவர்களும் மாறிமாறி ஆட்சிக்கு வந்திருக்கிறார்கள். சமூகப் பாதுகாப்பில் எதைத் தொடலாம், எதைத் தொடமுடியாது என்பதைத் தீர்மானித்தது அவர்களது கட்சியல்ல. மாதாந்தம் தனது சம்பளத்தில் ஒரு பங்கைச் செலுத்தி, முதுமையில் அதைத் திரும்பப் பெறக் காத்திருந்த சாதாரண வாக்காளனே. பங்களிப்புச் செலுத்த வழியற்றிருந்த ஏழைத் தாய்மாருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ரூஸ்வெல்ற்றின் அரசியல் சாதுரியத்தை வியக்கும்போது இந்தக் குறையையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.