மதில் யாரைத் தடுக்கிறது?

வேலி, பயிரைக் காக்க எழுந்தது. ஆடும் மாடும் புகுந்து மேய்ந்துவிடாதிருக்கக் கிளுவையை நட்டு, கள்ளியை வளர்த்து, இடைவெளியில் முள்ளை அடைத்து, தன் உழைப்பின் பயனை உழவன் காத்துக்கொண்டான். அந்த வேலியுடன் நமக்கு வழக்கில்லை. பின்னர் அதே சொல் நிலத்தின் அளவுமாயிற்று. தஞ்சைத் தரணியில் 20 மா சேர்ந்தது ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்கும் மேல். முள் சுமந்து வேலி அடைத்தவன் ஒருவன். வேலி வேலியாக நிலத்தை ஆண்டவன், வரப்பிலே கால் வைத்தறியாத வேறொருவன்! பயிரைக் காக்க எழுந்தது உடைமையைக் காட்டும் குறியாகி, முடிவில் மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்கும் மதிலாகவும் வளர்ந்த கதை ஒன்று உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே எண்ணிப் பார்க்கிறோம்.

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், திருநின்றவூரை அடுத்திருக்கிறது வேப்பம்பட்டு. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையில் திறக்கப்பட்ட, தென்னகத்தின் முதல் பயணிகள் இருப்புப் பாதை இவ்வழியேதான் சென்றது. நீராவி வண்டி மறைந்தது. மின்சார வண்டி வந்தது. நகரம் மேற்கே நடந்துவந்தது. நஞ்சையும் புஞ்சையும் மனைகளாயின. வரப்பு கிடந்த இடத்தில் எல்லைக்கல் நின்றது. கல்லைத் தொட்டு முட்கம்பி ஓடியது. கம்பியை விலக்கிச் செங்கல் எழுந்தது. வரப்பின்மேல் எவரும் நடந்து போகலாம். மதிலின்மேல் யார் நடப்பது?

மனைக்கு மதில் கட்டுவோருக்குச் சட்டம் உண்டு, விதி உண்டு. நிலத்தின் எல்லை எது என்பதை 1923ஆம் ஆண்டின் நில அளவை எல்லைச் சட்டம் கூறும். நகரமைப்புக்கு 1971ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. கட்டடத்துக்கும் எல்லைக்குமிடையே எத்துணை இடம் விடவேண்டும், சுற்றுச்சுவர் எத்துணை உயரம் எழலாம் என்பனவற்றைக் கட்டட விதிகள் பேசும். மனைப்பிரிவுக்கு இசைவு பெறும்போது, அதன் சாலைகளைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைக்கவும் வேண்டும். இவையனைத்தும் தேவையான விதிகளே. அயலான் வீட்டுக் காற்றையும் வெளிச்சத்தையும் அடைத்துவிட்டு ஒருவன் தன் மதிலை வானளாவ உயர்த்தலாகாது என்பது நாகரிகத்தின் முதற்பாடம்.

ஆயினும் விதியின் கையில் இருப்பது அளவுகோல் மட்டுமே. உயரத்தை அது அளக்கிறது, இடைவெளியை அளக்கிறது. அந்த மதில் யாரைத் தடுக்க எழுகிறது என்று அளக்க அதனிடம் கோல் இல்லை. ஆறடி உயரமுள்ள மதிலும் விதிக்கு உட்பட்டு நிற்கும். அந்த ஆறடிக்குள்ளே ஆயிரம் ஆண்டுக் கொடுமையை ஒளித்துக்கொண்டும் நிற்கும். வேப்பம்பட்டில் அத்தகைய மதில் நிற்கிறது என்று கூற நாம் வரவில்லை. புதிதாய் வளரும் ஊர்களில்தான் புதிய மதில்கள் எழும். ஆகவே மதிலைப் பற்றிச் சிந்திக்கவேண்டிய இடமும் அதுவே என்கிறோம்.

சிந்தனைக்கு வரலாறு துணை நிற்கும். சென்னை நகரின் பிறப்பே மதிலோடு பிணைந்தது. கோட்டைக்குள்ளே வெள்ளையர் நகரம். அதன் வடபுறம், வெளியே, கறுப்பர் நகரம்! வாணிகம் செய்ய வந்தவன் ஊருக்கு வைத்த பெயர் அது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர்; 1749இல் ஆங்கிலேயரிடம் அது மீண்டது. பகைவன் ஒளிந்து நெருங்க இடமளிக்கும் என்று கூறிக் கோட்டையையொட்டிய பழைய கறுப்பர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். வெட்டவெளியாக்கிய அந்த நிலத்தில் எவரும் வீடு கட்டக்கூடாது என்பதற்கு அடையாளமாக 1773இல் எல்லைத் தூண்கள் நாட்டினர். அவற்றுள் ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. இங்கே கட்டலாம், இங்கே கட்டலாகாது என்னும் நகரமைப்பு விதி, சென்னையில் கல்லாக நின்ற கோலம் அது! யாருடைய பாதுகாப்புக்காக, யாருடைய வீடு இடிந்தது என்பதையும் அந்தத் தூணே கூறும்.

1758ஆம் ஆண்டின் இறுதியில் லாலியின் படை வந்து முற்றுகையிட்டது. கறுப்பர் நகரம் சூறையாடப்பட்டது. அதன் பின்னரே புதிய கறுப்பர் நகரின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. மதிலின் செலவை மக்களிடம் வரியாகப் பெறலாம் என்று எண்ணினர், வரி வசூலாகவில்லை. வரி மறைந்தது, பெயர் நிலைத்தது: அதுதான் வால்டாக்ஸ் சாலை. மதிலில் பெரும்பகுதியும் மறைந்தது. 1911இல் கறுப்பர் நகரம் என்ற பெயரும் மாறி, மன்னர் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. வெள்ளையன் கட்டிய மதில், அவன் ஆட்சி நடந்த காலத்திலேயே இடிந்தது.

ஆனால், கடல் கடந்து வந்தவன் மட்டுமா மதில் எழுப்பினான்? செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லாமலே மதில் கட்டும் வித்தையை நம் வைதீகர்கள் அவனுக்கு முன்பே அறிந்திருந்தனர். ஊர் வேறு, சேரி வேறு. அக்கிரகாரத் தெருவில் இன்னார் நடக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத அந்த மதிலுக்குச் சாத்திரமே அடித்தளம், அச்சமே காவல்.

வைக்கத்தில் அந்த மதில் வெளிப்படையாகவே நின்றது. கோயிலில் நுழையும் உரிமையைக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமையைக் கேட்டு 1924 மார்ச் 30ஆம் நாள் அங்கே அறப்போர் தொடங்கியது. தலைவர்கள் சிறைப்பட்ட நிலையில் பெரியார் சென்று போரை நடத்தினார்; இருமுறை சிறை புகுந்தார். 1925இல் மூன்று தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு அப்போதும் அடைபட்டே கிடந்தது. 1936இல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பின்னரே முழு வழியும் திறந்தது. வைக்கம் போர் தொடங்கிய அதே 1924இல், சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அனைவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். நடப்பதற்கு ஒரு போர். நடக்கலாம் என்று கூற ஒரு தீர்மானம்! நூறாண்டுக்கு முன் நம் நாடு இருந்த நிலை இது.

நூறாண்டுக்கு முன்தானே என்று ஆறுதல் கொள்வோர் 1989ஆம் ஆண்டை நினைவிற் கொள்க. அந்த ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் பெர்லின் நகரைப் பிளந்த மதில் திறந்தது, உலகமே மகிழ்ந்தது. அதே ஆண்டில், மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்து உத்தப்புரத்தில் ஒரு மதில் எழுந்தது! சாதிக் கலவரம் நடந்து முடிந்த நேரம். இனிக் கலவரம் வாராதிருக்க என்று காரணம் கூறினர். இருதரப்பும் ஒப்பி எழுதிக்கொண்டோம் என்று ஒப்பந்தத்தையும் காட்டினர். ஒடுக்கப்பட்ட மக்கள் முதன்மைச் சாலைக்கு வர நேர்வழி அடைபட்டது, சுற்றி நடந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டு நடந்தனர். 2008இல், அந்த மதிலின்மேல் மின்கம்பி ஓடுவது வெளிச்சத்துக்கு வந்தது. கல்லும் போதாது, மின்சாரமும் வேண்டியிருந்தது! அறிவியல் தந்த ஆற்றலை அறியாமையின் காவலுக்கு நிறுத்திய கொடுமை அது.

தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் பொதுவுடைமைத் தோழர்களும் குரலெழுப்பினர். 2008 மே 6ஆம் நாள், மாவட்ட ஆட்சியினர் மதிலில் ஒரு பகுதியை, ஏறத்தாழ 15 அடி அளவுக்கு, இடித்து வழி திறந்தனர். மதிலின் பக்கம் நின்ற சாதியினர் என்ன செய்தனர்? குடும்ப அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊரை விட்டு மலையடிவாரம் சென்று தங்கினர். பதினைந்தடி இடைவெளியைப் பொறுக்க முடியாத மனம்! மதில் எங்கே நின்றது என்பது அப்போது விளங்கிற்று. 2011இல் இருதரப்பும் உடன்பாடு கண்டு, நவம்பர் 10ஆம் நாள் ஒடுக்கப்பட்ட மக்கள் அவ்வூர் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்றனர். பூசல் அதனோடு ஓய்ந்துவிடவில்லை. எனினும் மூடிய வழி திறந்தது.

உத்தப்புரம் தொலைவில் உள்ளது என்று வேப்பம்பட்டு இளைஞர் கருதவேண்டா. வேப்பம்பட்டு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தொக்கமூரில், கோயிலையொட்டி எழுந்த சுவர் ஒன்று தீண்டாமைச் சுவர் என்று குற்றம் சாட்டப்பட்டது. மக்களின் தொடர்ந்த போராட்டத்துக்குப் பின் 2023இல்தான் அது இடித்து அகற்றப்பட்டது.

மதில் வழியை மட்டுமா மறிக்கும்? உயிரையும் குடிக்கும். 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், தனியார் இல்லம் ஒன்றைச் சுற்றி ஏறத்தாழ 20 அடி உயரத்துக்கு எழுப்பியிருந்த சுவர், பெருமழையில் சரிந்து, அருகிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். தீண்டாமைச் சுவர் என்று இயக்கங்கள் குற்றம் சாட்டின. நோக்கம் எதுவாயினும் ஆகுக! ஏழையின் கூரையோரத்தில் 20 அடிச் சுவர் எழும்போது, அளவுகோல் எங்கே உறங்கிற்று? அளக்கத் தெரிந்த விதியும் ஏழையின் வீட்டருகே வந்தபோது அளக்க மறந்ததே, அது ஏன்?

இந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1941இல் ஒரு சுவர் எழுந்தது: ஆறடி உயரம், அரை மைல் நீளம். கறுப்பின மக்கள் வாழும் பகுதிக்கு அருகே வெள்ளையருக்கு வீடு கட்ட ஒரு மனை வணிகர் முனைந்தார். கறுப்பர் அருகிருப்பதால் கடனுக்குப் பிணை நிற்க அரசு நிறுவனம் மறுத்தது. இடையில் சுவரை எழுப்பினார்; பிணை கிடைத்தது! அங்கே சாத்திரம் இல்லை, புராணம் இல்லை. கடன் கணக்கே சாத்திரமாயிற்று. அதற்கு முன்னர், எந்தத் தெருவில் எந்த நிறத்தார் குடியிருக்கலாம் என்று நகரமைப்பு விதியே எழுதிய நகரங்களும் அந்நாட்டில் இருந்தன. 1917இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அத்தகைய விதி செல்லாது என்றது. உடனே தனியார் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர்: கறுப்பருக்கு வீடு விற்கமாட்டோம் என்று! அத்தகைய ஒப்பந்தத்தை நிறைவேற்ற நீதிமன்றம் துணைபோகாது என்று 1948இல் அதே உச்சநீதிமன்றம் கூறிற்று.

ஒப்பந்தம்! உத்தப்புரத்திலும் அந்தச் சொல்லைத்தானே கேட்டோம்? மதில் எழுப்புவோர் ஏந்தும் கேடயங்கள் மூன்று: பாதுகாப்பு, சொத்துரிமை, ஒப்பந்தம். மூன்றையும் சட்டத்தின் ஒளியில் பார்ப்போம். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் சட்டம், சாலையையும் வழியையும் தீண்டாமையின் பெயரால் மறுப்பதைக் குற்றமாக்கியது. 1976இல் அதைத் திருத்தியபோது, இருதரப்பும் கூடிச் சமரசம் பேசி முடித்துக்கொள்ள முடியாத குற்றம் என்றும் ஆக்கினர். உத்தப்புரத்து மதில் எழுந்த அதே 1989இல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, பொதுவிடத்துக்குச் செல்லும் வழக்கமான வழியுரிமையை மறுப்பதையும் வன்கொடுமையெனக் கூறுகிறது. சமரசத்துக்கு இடமில்லாத குற்றத்துக்கு ஒப்பந்தம் எப்படித் திரையாகும்? அஞ்சியவன் இட்ட கையொப்பம் இசைவாகுமா? பொதுவழியின்மேல் சொத்துரிமை ஏது? ஒருவன் பாதுகாப்புக்காக மற்றொருவன் ஊர் சுற்றி நடக்கவேண்டுமென்றால், அது யாருக்குப் பாதுகாப்பு?

மதிலுக்கு மறுமொழி இடிப்பு மட்டுமன்று, கட்டுதலும் மறுமொழியே. 1997இல் அன்றைய முதல்வர் கலைஞர், பெரியார் நினைவு சமத்துவபுரம் என்னும் திட்டத்தை வகுத்தார். ஓர் ஊருக்கு நூறு வீடுகள், அவற்றுள் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு, எல்லோரும் அடுத்தடுத்து. முதலாவது சமத்துவபுரம் 1998இல் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. மேலக்கோட்டை எங்கே இருக்கிறது? உத்தப்புரம் இருக்கும் அதே மதுரை மாவட்டத்தில்! பிரிக்கும் மதிலும் சேர்க்கும் தெருவும் ஒரே மாவட்டத்து மண்ணில் எழுந்தன. மண் குற்றவாளியன்று, மனமே கட்டுகிறது, மனமே இடிக்கிறது.

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் நாளை ஒரு மதில் எழலாம். மனைப்பிரிவின் அழகுக்கென்பர், திருட்டுக்கு அஞ்சியென்பர். கடப்பாரையைத் தேடி ஓடவேண்டா; முதலில் புலப்படத்தைத் தேடுங்கள். சர்வே எண்ணைக் கண்டு, அந்த இடம் பட்டாவா, புறம்போக்கா, தானப்பத்திரத்தால் ஊராட்சிக்கு வந்த சாலையா என்று பாருங்கள். தரமறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பின்னர் மதிலின் அப்புறம் சென்று நில்லுங்கள். பள்ளிக்கும் பேருந்துக்கும் சுடுகாட்டுக்கும் எவர் சுற்றி நடக்கிறார் என்று கேளுங்கள். நடப்பவர் எவரும் இல்லையெனில், அது வெறும் வேலி. பயிரையோ பண்டத்தையோ காக்கட்டும், விட்டுவிடுங்கள். நடப்பவர் இருப்பின், அவர் எப்போதும் ஒரே சேரியிலிருந்து வருபவராயின், அது எத்துணை அடி உயரம் என்று அளக்கவே வேண்டா. விதிக்கு உட்பட்ட உயரமாயினும், அந்த மதில் நிற்கத் தகாதது.