எழுந்து நிற்பதற்கு ஒரு மருந்து

மனிதன் எழுந்து நிற்பது எளிய செயலன்று. அவன் படுக்கையை விட்டு எழுந்ததும் அரை லீற்றருக்குக் குறையாத குருதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகின்றது. உடனே நரம்புகள் குருதிக் குழாய்களைச் சுருக்கி, இருதயத்தையும் விரைவுபடுத்தி, மூளைக்குச் செல்லவேண்டிய குருதியைக் காக்கின்றன. இக்காவல் தவறியவர்கள் நின்ற மாத்திரத்தே கண் இருண்டு சாய்வர்.

1925ஆம் ஆண்டிலே பிராட்பரி, எகிள்ஸ்டன் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் இத்தகைய நோயாளர் மூவரைப் பற்றி எழுதினர். அம்மூவரும் நிற்கும்பொழுது குருதி அமுக்கம் பெரிதும் வீழ்ந்தது. நாடியோ அதற்கேற்ப விரையவில்லை. வியர்வையும் குன்றியிருந்தது, கோடையில் துன்பம் மிகுந்தது. வியர்வைக்கும் இருதயத்துக்கும் பொதுவான ஏவலாளர் தன்னியக்க நரம்புகளே. ஆகவே பழுதும் அங்கேதான் என்பது புலனாயிற்று.

மருந்து கிழக்கிலிருந்து வந்தது. சீனர் நெடுங்காலம் கையாண்ட மா ஹுவாங் என்னும் மூலிகையிலிருந்து யப்பானியரான நாகாய் 1885இல் எபெட்ரினைப் பிரித்தெடுத்திருந்தார். 1924இல் சென், ஷ்மிட் ஆகியோரின் ஆராய்ச்சியால் அது மேனாட்டு வைத்தியரின் கைக்கு எட்டியது. குழாய்களைச் சுருக்கும் அம்மருந்து இந்நோயாளருக்கும் கொடுக்கப்பட்டது. நெஞ்சு படபடத்தது, உறக்கம் கெட்டது. 1950களில் உருவாக்கப்பட்ட புளூட்ரோகோட்டிசோன், உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து உதவிற்று.

ஆயினும் ஓர் இடர் நீங்கவில்லை. நிற்கையில் அமுக்கத்தைத் தாங்கும் மருந்து, படுக்கையில் அதனை மிஞ்சி உயர்த்திவிடும். பகலில் காக்கும் மருந்தே இரவில் பகையாகலாம்.

இவ்வரலாற்றில் மிகவும் சிந்தனைக்குரியது மிடோட்ரினின் கதையே. 1996இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி அளித்தது. நிற்கும்போது அமுக்கம் உயர்கின்றது என்ற சான்றே போதுமெனக் கொள்ளப்பட்டது. நோயாளரின் வாழ்வு உண்மையில் சீர்பெறுகின்றதா என்பதைப் பின்னர் நிரூபிக்கவேண்டும் என்பது நிபந்தனை. பதினான்கு ஆண்டுகள் கடந்தும் அந்நிரூபணம் வரவில்லை. 2010 ஓகஸ்டில் நிர்வாகம் அனுமதியை மீட்க முன்வந்தது. நோயாளரும் வைத்தியரும் கிளர்ந்தெழுந்து முறையிட்டனர். அடுத்த மாதமே மருந்து தொடர்ந்து கிடைக்க வழிசெய்யப்பட்டது.

சான்று கேட்ட நிர்வாகத்தைக் குறைகூற இயலாது. கருவியின் இலக்கம் ஏறுவது வேறு, ஒருவர் துணையின்றி அடுக்களை வரை நடப்பது வேறு. எனினும் நடக்கத் தொடங்கியவரிடம் அம்மருந்தைப் பறிப்பதும் நீதியாகத் தோன்றவில்லை. 1989இல் யப்பானில் அனுமதிபெற்ற ட்ரொக்சிடோபா 2014இல் அமெரிக்காவுக்கு வந்தபோதும், பயன் எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற ஐயம் உடன்வந்தது.

மிடோட்ரினைப் படுக்கச் செல்வதற்கு நான்கு மணித்தியாலம் முன்னரே முடித்துக்கொள்ளும்படி வைத்தியர் இன்று கூறுவர். கூடவே கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொல்வர். அது 1940இல் மக்ளீன், அலன் என்போர் எழுதிய யோசனை; அதற்குச் சில மரக்கட்டைகளே போதும்.