பகுதி உரிமை முதலீடு: பத்திரம் யார் பெயரில்? முதலீட்டாளர் அறிய வேண்டியவை

புது தில்லி: பெருநகர அலுவலகக் கட்டடத்தில் சில லட்சம் ரூபாய்க்குப் பங்கு, மாதந்தோறும் வாடகை வருவாய் என்று அழைக்கும் விளம்பரங்கள் இணையத்தில் பெருகியுள்ளன. இத்தகைய திட்டத்துக்கு யாருடைய அனுமதி தேவை என்பது, முதலீட்டாளரின் கைக்கு வருவது சொத்தின் கிரயப் பத்திரமா, பங்கா என்பதைப் பொறுத்தது.

பத்திரம் எனில் ரெரா

மனையோ குடியிருப்போ வாங்குபவர் பெயரிலேயே பதிவானால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் பொருந்தும். இச்சட்டப்படி, மாநில ஆணையத்தில் பதிவு செய்யாமல் புதிய திட்டத்தை விளம்பரப்படுத்தவோ முன்பதிவு பெறவோ கூடாது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம் அல்லது 8-க்கு மிகாத குடியிருப்புகள் கொண்ட சிறு திட்டங்களுக்கு விலக்கு உண்டு. இவ்வரம்பை மாநிலங்கள் குறைக்கலாம்.

பதிவின்றித் திட்டம் நடத்தினால், மதிப்பிடப்பட்ட செலவில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கப்படும். பதிவு பெற்ற திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவர்களும் பதிவு பெற்றிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறுவதற்கும் தடை உள்ளது.

பங்கு எனில் செபி

பகுதி உரிமைத் தளங்களில் நிலை வேறு. பலரிடம் திரட்டும் பணத்தில் தனி நிறுவனம் ஒன்று கட்டடத்தை வாங்கும். பத்திரம் அந்நிறுவனத்தின் பெயரில் இருக்கும். முதலீட்டாளருக்குக் கிடைப்பவை அந்நிறுவனத்தின் பங்குகளோ கடன் பத்திரங்களோ மட்டுமே.

இத்தளங்களை ஒழுங்குபடுத்த, 2024 மார்ச் மாதம் செபி 'சிறு, நடுத்தர ரெய்ட்' விதிகளை அறிவித்தது. இதன்படி:

* ஒரு திட்டத்தின் சொத்து மதிப்பு குறைந்தது ரூ.50 கோடி, ரூ.500 கோடிக்குக் குறைவாக இருக்க வேண்டும்.
* குறைந்தபட்ச முதலீடு ரூ.10 லட்சம், முதலீட்டாளர்கள் 200 பேராவது தேவை.
* நிதியில் 95 சதவீதம், கட்டி முடித்து வருவாய் ஈட்டும் சொத்துகளில் இருக்க வேண்டும்.
* நிர்வாக நிறுவனத்தின் நிகர மதிப்பு குறைந்தது ரூ.20 கோடி.

அலகுகள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படுவதால், முதலீட்டாளர் அவற்றை விற்று வெளியேற வழி உண்டு. எனினும், செபி பதிவு லாபத்துக்கான உத்தரவாதம் அல்ல.

பதிவில்லையெனில்

விவசாய நிலம் தருவதாகக் கூறி பி.ஏ.சி.எல். நிறுவனம் சுமார் 5.85 கோடி பேரிடம் திரட்டிய ரூ.49,100 கோடியைத் திருப்பித் தருமாறு, 2014-இல் செபி உத்தரவிட்டது. பதிவு பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டத்தை அந்நிறுவனம் நடத்தியதாக செபி முடிவு செய்தது. 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, சொத்துகளை விற்றுப் பணத்தை வழங்க நீதிபதி லோதா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. சிறு முதலீட்டாளர்கள் தங்கள் சேமிப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

எனவே, பணம் செலுத்தும் முன் பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்று, மனை, குடியிருப்பு எனில் மாநில ரெரா இணையதளத்திலும், பங்கு எனில் செபி இணையதளத்திலும் சரிபார்ப்பது அவசியம். விளம்பரத்தில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புவது போதாது. நிலையான வருவாய் உறுதி என்று கூறி, பதிவு எண்ணைத் தரத் தயங்கும் திட்டங்களைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது.